வர்தியாவின் பன்னிரண்டு மீட்டர்

புதிதாக வந்தவர் என்ற பெயர் ஒருவரை விட்டு எந்த நாளில் போகிறது? குடியுரிமைத் தாள் கைக்கு வருகிற நாளிலா, யாரோ வந்து வழி கேட்க நாம் யோசிக்காமல் சொல்லிவிடுகிற நாளிலா, இல்லை அது போகவே போகாத பெயரா? வர்தியாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். அவர் வாய்விட்டு அதைக் கேட்டதில்லை. காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் அவர் அந்தக் கேள்வியின் நடுவே நின்றுகொண்டிருந்தார் என்றுதான் தோன்றும்.

அவர் நின்றது எங்கள் தெரு முனையில், தொடக்கப் பள்ளிக்கு எதிரே. மெல்பர்னின் வடக்கு ஓரம். கல்குவாரி லாரிகள் போகிற சாலை. சாலையின் இரு பக்கமும் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பங்கள் நட்டிருக்கும். காலை எட்டுப் பத்துக்கு அந்தக் கம்பங்களில் கொடிகளைச் செருகினால் அது பிள்ளைகள் சாலை தாண்டும் கடவை, வண்டிகள் நின்றே ஆகவேண்டும். ஒன்பது பத்துக்குக் கொடிகளை உருவிவிட்டால் அது வெறும் சாலை. கொடி செருகுவது, இரண்டு முறை விசில் ஊதுவது, கம்பு நுனியில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகையுடன் சாலை நடுவே போய் நிற்பது, பிறகு கொடியை உருவுவது. நகராட்சி வேலை. என் வீடு அந்த முனையிலேயே இருப்பதால் ஏழு ஆண்டுகள் இதைப் பார்த்தேன்.

வர்தியா அசீரியக் கிறிஸ்தவப் பெண்மணி. ஈராக்கில் மோசூலுக்குப் பக்கத்து ஊர். தபால் நிலையத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். ஊரைவிட்டுக் கிளம்பிய கதையை அவர் சொல்வதில்லை, நானும் கேட்டதில்லை. கணவர் முன்பே இறந்துவிட்டார். ஜோர்டானில் மூன்று வருடம் காத்திருந்துவிட்டு, இங்கே தரைக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை செய்யும் மகன் சர்கோனிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. வந்த ஆறாம் மாதம் இந்த வேலை கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் தம் மொழியில் ‘இவர்கள் செய்பவை’ என்று எழுதினார். இடது பக்கத்தில் கண்ணால் பார்த்தது. வலது பக்கத்தில் அதற்கான காரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈராக்கில் இருக்கும் தங்கை கத்தூனுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுவார். கொடி உருவிய பிறகு என் வேலி ஓரமாக நின்று எனக்கும் சிலவற்றை மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்.

பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள். பின்கதவு வழியாக இறங்குகிறவர் கத்திச் சொல்கிறார். இத்தனைக்கும் எல்லாரும் கட்டணம் கொடுத்துத்தான் ஏறினார்கள். இது முதல் பக்கம். அடுத்தது, சூப்பர்மார்க்கெட்டில் வெறுங்காலோடு நின்ற ஒரு மனிதர். பாவம், செருப்பு வாங்க வழியில்லை போலிருக்கிறது என்று மனம் வருந்திப் பின்னாலேயே போனால், வெளியே நின்ற பெரிய வண்டியில் ஏறி, பின்னால் ஒரு படகையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாராம். ரயிலில் வர்தியா ஒரு பெண்ணின் காலை மிதித்தார். மிதிபட்டவள் மன்னிப்புக் கேட்டாள். வசந்த காலத்தில் கறுப்பும் வெள்ளையுமான ஒரு பறவை தலையைக் கொத்த வருகிறது. இவர்கள் பறவையை விரட்டுவதில்லை. தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் முட்களைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறார்கள். கேட்டால், அதற்குக் கூட்டில் குஞ்சு இருக்கிறது என்கிறார்கள்.

கத்தூன் எதையும் நம்புகிறவள் அல்ல. நீ போயிருப்பது பைத்தியக்காரர்கள் ஊரா பரிசுத்தர்கள் ஊரா, முதலில் அதைத் தீர்மானித்துச் சொல், அப்புறம் மேலே படி என்பாளாம்.

நோட்டில் புகழ்ச்சி மட்டும் இல்லை. இவர்கள் வானிலையைப் பற்றிக் கேட்கிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை என்றும் இருந்தது. மூன்றாம் வீட்டுக் கிழவர் இறந்து நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஆனால் இடையில் வந்த குப்பை நாளில் யாரோ அவருடைய குப்பைத் தொட்டியை வெளியே வைத்து, திரும்ப உள்ளேயும் எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றும் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத ஒருவருக்குக் கண் வேண்டும். நம்மில் பலர் ஓர் ஊரைப் பற்றி முதல் மாதத்திலேயே முடிவு கட்டிவிடுகிறோம். பிறகு பார்ப்பதெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடத்தான். வர்தியா முடிவை எழுத ஒரு பக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அதைக் காலியாக விட்டிருந்தார். ஏழு வருட நோட்டுகளில் வலது பக்கங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருந்தன. அவரிடம் நான் முதலில் மதித்தது அந்த வெள்ளைத் தாள்களைத்தான்.

எழுதப்பட்ட வலது பக்கங்கள் மூன்றோ நான்கோ இருக்கும். அதில் ஒன்றின் கதை எனக்குத் தெரியும். வேலைக்கு வந்த முதல் ஈஸ்டருக்கு அவர் பேரீச்சையும் அக்ரூட்டும் வைத்துச் சுருட்டிய குலிச்சா பலகாரம் இருநூறு செய்து, ஒரு கூடையில் கொண்டுவந்து கடவையில் நின்றார். முதல் பிள்ளை கையை நீட்டியதும் பின்னாலிருந்து நான்கு தாய்மார்கள் ஒரே குரலில் அலறினார்கள். தலைமையாசிரியை ஓடி வந்தார். பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குக் கொட்டை வகைகள் ஆகாது, மூச்சு நின்றுவிடும், அதனால் பள்ளிக்குள் யாருமே கொண்டுவருவதில்லை என்று சொன்னார். வர்தியா கூடையை மூடிக்கொண்டார். அன்று மாலை வாடிப்போன முகத்தோடு நின்றார். மறுநாள் அந்தப் பிள்ளையின் தாய் வந்து, வேலை செய்கிற இடத்தில் வைத்துத் தின்பதாகச் சொல்லி ஒரு டப்பா நிறைய வாங்கிக்கொண்டு போனாள். அன்றைய இடது பக்கம்: ‘ஒரு பிள்ளைக்கு ஆகாது என்பதற்காக நானூறு பிள்ளைகள் தின்பதில்லை.’ வலது பக்கத்தில் ஒரே சொல்: ‘சரி.’

அந்தத் தாய் பிரான்வின். மூன்று பிள்ளைகள், மருத்துவமனையில் செவிலி. பெற்றோர் குழுவில் எந்த வேலையானாலும் அவள்தான் முன்னால் நிற்பாள். அவளும் வர்தியாவும் அன்றிலிருந்து நெருக்கம்.

இன்னொருவர் கிரேம். எழுபதைத் தாண்டியவர், முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பேத்தி டில்லியைப் பள்ளியில் விட வருவார். டில்லி வழியில் பார்க்கும் ஒவ்வொரு நாயோடும் பேசிவிட்டுத்தான் நகருவாள். அதனால் அவர்கள் கடவைக்கு வந்து சேரும்போது எப்போதும் ஒன்பது பன்னிரண்டு, ஒன்பது பதினைந்து ஆகிவிடும். பள்ளி மணி அடித்திருக்கும். வேலை நேரம் முடிந்திருக்கும். வர்தியா கொடியை உருவாமல் நிற்பார். அந்த ஐந்து நிமிடத்துக்கு நகராட்சியில் கணக்கு இல்லை.

முதலில் அவரை மிஸ்டர் கிரேம் என்று அழைத்தார் வர்தியா. “மிஸ்டர்னு போலீஸ்காரன்தான் என்னைக் கூப்பிடுவான். கிரேம்னு சொல்லு, வார்டி” என்றார் அவர். வர்தியா என்ற பெயரை அவர் கேட்ட இரண்டாம் நிமிடமே பாதியாக வெட்டிவிட்டார். தெரு முழுக்க அது வார்டி ஆயிற்று. இவர்களுக்கு ஒருவரைப் பிடித்துப்போனால் முதலில் பெயரை வெட்டுகிறார்கள் என்று அதுவும் நோட்டில் ஏறியது.

சென்ற ஆண்டு ஜூலையில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கீழே பெரிய சாலையில் புது சிக்னல் போட்டபிறகு பாதிப் பிள்ளைகள் அந்தப் பக்கமாகப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் குறைந்தது இருபது பிள்ளைகளாவது கடந்தால்தான் ஒரு கடவைக்கு ஆள் போடுவார்களாம். ஆகஸ்டில் ஏதாவது ஒரு காலை, முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வந்து எண்ணுவார். இருபது தேறாவிட்டால் இந்தக் கடவைக்கு ஆள் கிடையாது. வர்தியாவுக்கு வேலை போகாது. ஆனால் மாற்று ஆள் பட்டியலில் போட்டுவிடுவார்கள். எங்கே யார் விடுப்போ அங்கே போய் நிற்க வேண்டும். ஒரு வாரம் ஒரு புறநகர், அடுத்த வாரம் இன்னொன்று.

வெயில் நாளில் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வரும். மழை வந்தால் பெற்றோர் காரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

கடிதத்தை என்னிடம் காட்டிய அன்று அவர் வழக்கம்போல எதையும் மொழிபெயர்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்த ஊர்ல எனக்குன்னு தெரிஞ்சது இந்தப் பன்னண்டு மீட்டர்தான். எந்தப் பிள்ளைக்கு எப்ப பல்லு விழுந்துச்சுன்னு தெரியும். எந்த லாரிக்காரன் கடைசி நிமிஷத்துல பிரேக் போடுவான்னு தெரியும். இதை எடுத்துட்டா நான் மறுபடியும் புதுசா வந்தவளாயிடுவேன்.”

அந்த வயதில் இன்னொரு முறை புதிதாக வருவது என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், ஏற்கெனவே இரண்டு முறை வந்தவர்.

செய்தி பரவியதும் பிரான்வின் களத்தில் இறங்கினாள். கைப்பேசியில் பெற்றோர் குழு ஒன்றைத் தொடங்கினாள். எண்ணுகிற ஆளைக் கண்டதும் யாராவது ஒரு செய்தி போட வேண்டியது. உடனே காரில் வருகிறவர்களும் சிக்னல் பக்கம் போகிறவர்களும் பிள்ளைகளை இங்கே இறக்கி நடத்த வேண்டியது. அதோடு விடவில்லை. கடந்துபோன பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னாலிருக்கும் சந்து வழியாகச் சுற்றிக் கூட்டிவந்து, தொப்பியை மாற்றிப் போட்டு, இன்னொரு முறை கடக்க வைப்பது என்று முடிவாயிற்று. சட்டத்தை மதிக்கிற மக்கள் நாங்கள். காலியான சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்போம். ஆனால் அலுவலகம் ஒன்று நம் தெருவில் கைவைக்கிறது என்றால் எங்களுக்கு ஒரு குஷி பிறந்துவிடும். ஒரு வாரம் தெருவே அந்தக் குஷியில் இருந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் செவ்வாய். மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வெள்ளை வண்டியில் வந்து கடவைக்கு எதிரே நிறுத்திவிட்டு, மடியில் அட்டையை வைத்து ஏதோ எழுதத் தொடங்கினார். செய்தி பறந்தது. எட்டரை மணிக்குள் தெருவில் தேர்த் திருவிழாக் கூட்டம். பிள்ளைகள் ஒரு சுற்று வந்தார்கள். தொப்பி மாற்றி இரண்டாம் சுற்று வந்தார்கள். மூன்றாம் சுற்றில் ஆர்வம் மிகுதியாகி ஒருவன் தன் தங்கையின் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்தான். வர்தியா விசில் ஊதி ஊதி மூச்சு வாங்கினார். லாரிகள் கல்குவாரி வரை வரிசையில் நின்றன. கிரேம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நின்ற லாரிக்காரர்களுக்குச் சலாம் வைத்துக்கொண்டிருந்தார். அன்று டில்லிகூட நேரத்துக்கு வந்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு மஞ்சள் சட்டைக்காரர் இறங்கி கிரேமிடம் வந்தார். “ஏன் மேட், இந்த ஸ்கூல்ல மொத்தம் எவ்வளவு பேர்தான் படிக்கிறாங்க? நான் மரத்தைப் பாக்க வந்தேன். கிளை கரண்டு கம்பியில உரசுதுன்னாங்க. கார் விட்டு இறங்கவே விட மாட்டேங்கறாங்களே.”

மூன்று நாள் தெரு சிரித்தது. பிரான்வின் வர்தியாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்ததைப் பார்த்தேன். வர்தியாவும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை கத்தூனுக்குப் படித்துக் காட்டியபோது அவள் முதன்முறையாக, இதை மட்டும் நம்புகிறேன், இது நம் ஊரிலும் நடக்கும் என்றாளாம்.

ஆனால் அவருக்குள் ஏதோ ஒன்று இடறியிருந்தது. அடுத்த நாள் டில்லியைச் சாலை தாண்டி விட்டபின், கிரேமிடம் அதைக் கேட்டார். நானும் வேலி ஓரம் இருந்தேன். எங்கள் சாலை நகரைத் தாண்டும் இடத்தில் ஒரு வீட்டு வாசலில் முட்டைகள் அடுக்கி வைத்திருக்கும், ஆள் இருக்காது, பக்கத்தில் ஒரு தகர டப்பா. அதுவும் நோட்டில் ஏறியதுதான், இரண்டு பக்கம்.

“கிரேம், அங்க யாருமே பாக்கலைன்னாலும் டப்பாவுல காசு போடறீங்க. அன்னிக்கு சில்லறை இல்லைன்னு மறுநாள் போய்ப் போட்டுட்டு வந்தீங்க.”

“ஆமா. முட்டைக்காரியை எனக்குத் தெரியுமே.”

“எண்ண வர்ற ஆளை மட்டும் ஏமாத்தலாமா?”

“அவனை யாரு ஏமாத்தறா? நகராட்சியைத்தான். நகராட்சிக்கு மூஞ்சி கிடையாது, வார்டி.”

“எண்ண வர்றவங்களுக்கு இருக்குமே.”

கிரேம் பெரிதாகச் சிரித்தார். அன்பாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை: “வந்து ஏழு வருஷமாச்சு, இன்னும் வெளியூர் ஆளாட்டமே பேசறே பாரு.”

வர்தியா சிரிக்கவில்லை. கொடிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குச் சுமார் பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை. விடியும்போதே மழை. எங்கள் ஊர் மழை கொட்டித் தீர்க்கிற மழை அல்ல. காற்றோடு பக்கவாட்டில் வந்து, குடையை மடக்கி, எலும்புக்குள் இறங்குகிற மழை. புதன்கிழமை குப்பை எடுக்கும் நாள். லாரி போனபின் தொட்டியை உள்ளே இழுக்க நான் வெளியே வந்தபோது, கடவைக்குப் பக்கத்தில் இருக்கும் பேருந்து நிழற்குடையில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நீல மழைக்கோட்டு. மடியில் ஒரு தாள். வலது கையில், அழுத்தினால் எண் கூடுகிற சின்னக் கருவி. மூக்கு நுனி சிவந்திருந்தது. வர்தியா அவள் முன் நின்று, தம் பிளாஸ்கிலிருந்து ஏலக்காய் போட்ட தேநீரை மூடியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். எதையும் மறைக்கவில்லை; வர்தியா கேட்டதும் தான் யாரென்று சொல்லியிருக்கிறாள், கொடி இருக்கும்வரை கடக்கிற பிள்ளைகளை எண்ணுவதுதான் வேலை என்றும் சொல்லியிருக்கிறாள்.

என் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. பிரான்வின் குழுவில் நானும் ஒருவன். எடுத்தேன். வர்தியா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். திரும்பவும் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே போகவும் மனமில்லை. தொட்டியைப் பிடித்தபடி மரத்தடியில் நின்றேன்.

எட்டரை வரை ஐந்து பிள்ளைகள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளி வாசலுக்கே போயின. அவற்றில் ஒன்றில் பிரான்வின் கை ஆட்டிக்கொண்டு போனாள். மழையில் அவள் எதையும் கவனிக்கவில்லை. பிறகு அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரே போர்வைக்கடியில் வந்தார்கள். வர்தியாவுக்குக் கடக்கும் ஒவ்வொருவரையும் தம் மொழியில் எண்ணுகிற வழக்கம் உண்டு. ஏழு வருடத்தில் முப்பது வரை எனக்கே பழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு. பதினான்கு. மணி அடிக்கும் நேரத்தில் ஓடிவந்த இரட்டையரோடு பதினெட்டு. ஒன்பது மூன்றுக்கு, ஒரு காலில் மட்டும் மழைக்காலணி போட்ட பையனோடு பத்தொன்பது.

அந்தப் பெண்ணும் தன் கருவியைப் பார்த்தாள். “இன்னும் ஒண்ணு வந்தா போதும்” என்றாள். அவள் முகத்தில் இருந்தது வேலை முடிகிற நிம்மதி அல்ல. தேநீர் குடித்தவளின் பரிவு.

ஒன்பது எட்டுக்குத் தெருவில் சற்றுத் தள்ளி, சிவப்புத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கிரேமும் டில்லியும் தெரிந்தார்கள். நாற்பது அடி தூரம்கூட இருக்காது. டில்லி குந்தி உட்கார்ந்து, நனைந்துபோன ஒரு பழுப்பு நாயின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கிரேம் எங்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார், இதோ வந்துட்டோம் என்று.

இளம்பெண்ணும் பார்த்துவிட்டாள். “அந்தக் குட்டி வரட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று சொல்லி, கட்டைவிரலைக் கருவியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

எனக்கு உயிர் வந்தது. இருபதாவது பிள்ளை கண்ணெதிரே இருக்கிறது. பொய் இல்லை, சுற்றி வந்த பிள்ளை இல்லை, தொப்பி மாற்றிய பிள்ளை இல்லை. தினமும் இங்கே கடக்கிற பிள்ளை. அந்தப் பிள்ளைக்காக வருடக்கணக்காக அந்தக் கொடிகள் ஐந்து நிமிடம் அதிகம் பறந்திருக்கின்றன. இன்னும் ஐந்து நிமிடம், அவ்வளவுதான்.

வர்தியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பத்து. டில்லியைப் பார்த்தார். கருவியைப் பிடித்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தார். மழைத் தொப்பியின் விளிம்பிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. பிறகு இந்தப் பக்கக் கம்பத்துக்குப் போய்க் கொடியை உருவினார். வண்டி வருகிறதா என்று பார்த்து, சாலையைத் தாண்டி அந்தப் பக்கக் கொடியையும் உருவினார். திரும்பி வந்து, இரண்டையும் தண்ணீர் போகப் பிழிந்து, சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். வட்டப் பலகையை நிழற்குடையின் சுவரில் சாய்த்தார்.

டில்லியும் கிரேமும் வந்து சேர்ந்தபோது ஒன்பது பன்னிரண்டு.

“என்ன வார்டி, கொடி எங்கே?” என்றார் கிரேம்.

“நேரம் ஆயிடுச்சு, கிரேம்.”

“நீதான் எப்பவும் நிப்பியே!”

வர்தியா விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஈரக் கையுறையை உருவிவிட்டு டில்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். சாலை ஓரத்தில், யாரோ இரண்டு பேர் நிற்பதைப் போல நின்றார்கள். கல்குவாரி லாரி ஒன்று நீரை வாரி இறைத்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று போயிற்று. வலது பக்கம் பார்த்தார்கள், இடது பக்கம் பார்த்தார்கள், மறுபடியும் வலது பக்கம். சாலை காலியானதும் அந்தப் பன்னிரண்டு மீட்டரை நடந்து கடந்தார்கள். நிழற்குடையில் அந்தப் பெண் கட்டைவிரலை எடுத்துவிட்டு, தாளில் எழுதிக்கொண்டாள்.

ஏன் கொடியை உருவினாய் என்று பிறகு கிரேம் கேட்டார். பிரான்வின் அழுதுகொண்டே கேட்டாள். மாற்று ஆள் பட்டியலில் சேர்ந்து, இரண்டு பேருந்து மாறிப் போகிற ஏதோ ஒரு புறநகரில் நிற்கத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கேட்டேன். “அன்னிக்கு நல்ல மழை, இல்லையா?” என்றார்.